நீ திரும்பி நின்ற பக்கம்

நைனா,

இன்று மத்தியானம், ஸ்டேஷனில் உன் இடத்துக்கு வந்திருக்கும், தண்டவாளம் மாற்றும் பாயின்ட்ஸ்மேன் நம் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார். கையில் அட்டை போன ஒரு பத்திரிகை. "காலை பாசஞ்சர்ல யாரோ உட்டுட்டுப் போய்ட்டாங்கம்மா. அவுரு இருந்தா இதெல்லாம் உங்களுக்குத்தான் கொணாந்து குடுப்பாராமே, ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு" என்றார். வாங்கிக்கொண்டேன். கரிப்புகையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை அதில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசனை. உன் நீலச் சட்டைக்கும் அந்த வாசனைதான். இன்னும் பிரித்துப் படிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் "நீங்கள்" என்று தொடங்கித்தான் எழுதினேன். மாஸ்டருக்கு லீவு விண்ணப்பம் எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

நான் படித்த புத்தகங்களில் பாதி, ரயிலில் யாரோ மறந்துவிட்டுப் போனவை. வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகு நீ பெட்டி பெட்டியாக ஏறிப் பார்ப்பாய். கதைப் புத்தகம், பஞ்சாங்கம், வைத்தியக் குறிப்பு, பாதி கிழிந்த சரித்திரம், எது கிடைத்தாலும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவாய். எழுத்து உனக்குத் தெரியாது. அதனால் உனக்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "குப்பையா பாத்துப் பொறுக்கிகினு வரீயே, எவனாவது ஒரு எண்ணெய் ஜாடிய உட்டுட்டுப் போனா மட்டும் உன் கண்ணுல படாதே!" நீ சிரித்துக்கொண்டே, "எண்ணெய மறக்கறவன் எவன்டி? புஸ்தகத்ததான் மறப்பான்" என்பாய்.

பெரும்பாலான புத்தகங்களுக்கு முதல் பக்கம் இருக்காது, அல்லது கடைசிப் பக்கம் இருக்காது. முடிவு தெரியாமல் நான் புலம்பினால் நீ உடனே ஒரு முடிவு சொல்வாய். உன் முடிவுகளில் யாரும் சாக மாட்டார்கள். எல்லோரும் ஊருக்குத் திரும்பிவந்து சாப்பிடுவார்கள்.

அப்படி வந்ததுதான் அந்தப் பூகோளப் புத்தகம். அதில் ஒரு பக்கத்தை உனக்கு எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. எங்கோ ஒரு தேசத்தில் பாலைவனம் நேராகச் சமுத்திரத்தில் போய் முடிகிறது. மணல் மேட்டின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கண் எட்டும் தூரம் சிவப்பு மணல், மறுபக்கம் நீலத் தண்ணீர். கூடவே ஒரு சின்னப் படம். எந்தத் தேசம் என்று சொல்லும் பக்கம் கிழிந்திருந்தது. நீ படத்தை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்பாய்.

"நடுவுல ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல நைனா."

"ஒரு மரம்? ஒரு குடிசை?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதிகீது."

"மணலு, தண்ணி. அவ்ளோதான். ஒண்ணு முடியற எடத்துல இன்னொண்ணு." இதைச் சொல்லிவிட்டு படத்தை மறுபடியும் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவாய். மெட்ராஸ் இத்தனை பக்கத்தில் இருந்தும் நீ கடலைப் பார்த்ததில்லை. வேலையாகப் போவாய், வேலை முடிந்ததும் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாய்.

நம் திருத்தணியில் ஒரு கிருத்திகைக் கூட்டத்தில், வண்டி தாமதமானதால் பிளாட்பாரத்தில் படுத்திருந்த தென்னாட்டு யாத்திரிகர் ஒருவர், அப்படிப்பட்ட இடம் நம் பக்கமே இருக்கிறது என்று உன்னிடம் சொல்லிவிட்டார். திருச்செந்தூருக்குத் தெற்கே தேரி என்று ஒன்று உண்டாம். மலை மலையாகச் சிவப்பு மணலாம். ஒரு பக்கத்தில் அது கடலோரம் வரை வருகிறதாம். அன்று நீ வீட்டுக்கு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அந்தப் பக்கம் கிழிஞ்சி போச்சின்னு சொன்னியே, அது நம்ம தேசம்தான்!" என்றாய். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இலவச ரயில் பாஸ் கேட்க முடியாத காலம். "யுத்தம் முடியட்டும்" என்று சொல்லி வைத்தாய்.

யுத்தம் முடிந்தது. உன் கண் ஆரம்பித்தது.

முதலில், விளக்கு வைக்கும் நேரத்தில் முற்றத்துக் குடத்தில் இடித்துக்கொண்டாய். அம்மா அதை மாலைக்கண் என்றாள். தினமும் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். இரண்டு மாதம் சாப்பிட்டாய். ஒருநாள் நீயே மாஸ்டரிடம் போய், "சிக்னல் வெளக்கு சரியா புரியலீங்க. எதுனா ஆயிட்டா வண்டில கீறவங்க கதி?" என்று சொல்லிவிட்டு லீவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாய். சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். உனக்கு அது தோன்றவே இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மாஸ்டருக்கு என்று டாக்டர் கொடுத்த கடிதத்தை, மாஸ்டரிடம் தருவதற்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "படிம்மா" என்றாய். இங்கிலீஷ். எனக்குத் தெரியாத வார்த்தைகள் அதில் மூன்று இருந்தன. தெரிந்த வார்த்தைகளே போதுமானதாக இருந்தன. இரண்டு கண்ணிலும் உள்நரம்பு காய்ந்துகொண்டிருக்கிறது, மருந்து கிடையாது, சில மாதங்களில் பகலிலும் தெரியாமல் போகும், சிக்னல் வேலைக்கு இனி விடக்கூடாது.

நீ எதிரில் குந்தியிருந்தாய். அம்மா எருமைக்குத் தவிடு கலந்துகொண்டே காதை இங்கே வைத்திருந்தாள்.

"சொட்டு மருந்து போடணுமாம் நைனா. ஓய்வா இருக்கணுமாம். கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு எழுதிகீது."

"அதுக்கு இவ்ளோ நீளமாவா எழுதணும்?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க."

"ஆங்" என்றாய். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நான் படித்த மடிப்பிலேயே மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்துப் பார்க்கிறேன். உனக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அந்த வாக்கியத்தை என் வாயால் சொல்ல எனக்குப் பலம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் நீ கேட்டாய், "அந்தக் கடல் பக்கத்தப் படியேன்." படித்தேன். முடித்ததும், "பாஸ் கேட்டுகீறேன். மாஸ்டர் தரேன்னுட்டாரு. ஆனி மாசம் போவோம்" என்றாய்.

அம்மா வரவில்லை. "எருமைய யாரு கறக்கறது, உங்க முருகனா வந்து கறப்பாரு? வூட்டு எதிர்ல நந்தி ஆத்துல ஊர்ப்பட்ட மணலு கொட்டிக் கெடக்குது. அதுல தண்ணி இல்லியேன்னு அழுவாம, மணலப் பாக்க அம்மாம் தூரம் போறாராம். வரன் பாக்கற பொண்ண இட்டுகினு வெயில்ல காயப் போறாரு!" என்றாள். ஆனாலும் புளிச்சோறும் எள்ளுப்பொடியும் கட்டிக் கொடுத்தது அவள்தான். என் பொய்க்காக நானே கடையில் வாங்கி வைத்திருந்த சொட்டு மருந்துச் சீசாவைத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தாள். "மறக்காம போடு, தாயி. கண்ணு தெளிஞ்சி வரட்டும்" என்றாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பயணம் முழுக்க நீ ஜன்னலை விட்டு அசையவில்லை. கரித்தூள் விழும், கண்ணுக்கு ஆகாது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "இது என்னா ஆறு? அது என்னா மரம்?" என்று பெட்டியில் இருந்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய். நான் அரைமணிக்கொருதரம் உன் முகத்தைப் பார்த்தேன். எதைப் பார்க்கிறாய், எது உனக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

திருச்செந்தூரில் இறங்கியதும் நீ ஒரு நிபந்தனை போட்டாய். முதன்முதலில் கடலை அந்த மணல் மேட்டின் மேலிருந்துதான் பார்ப்பாயாம். கோயிலில் இருந்து பார்க்க மாட்டாயாம். "நைனா, கோயிலே கடல்மேலதான் கட்டிகீது. எப்படிப் பாக்காம இருப்ப?" என்றேன். "கண்ண மூடிக்கறேன். நீ இட்டுகினு போ" என்றாய்.

உனக்கு விளையாட்டு. துண்டை எடுத்துக் கண்ணைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாய். கடலில் முழுக்குப் போட்டுவிட்டு நாழிக்கிணற்றில் குளித்த பிறகுதான் சாமி பார்க்க வேண்டும். அதனால் ஈரமணலில் உன்னை நடத்திக்கொண்டு போனேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "அப்பாவுக்குக் கண்ணு தெரியாதா தாயி?" என்று கேட்டாள். நீ சத்தமாகச் சிரித்தாய். "தெரியும்மா! வேணும்னுதான் கட்டிகினு கீறேன். எங்க ஊரு திருத்தணி. உங்க கடல ஒரேடியா பாத்துட்டா நல்லா இருக்காதுன்னு மிச்சம் வெக்கறேன்!"

"திருத்தணியா? சண்ட எல்லாம் இங்க போட்டுட்டு, கோவம் தணிஞ்ச பொறவு சாமி அங்கல்லா போய் உக்காந்தாரு" என்றாள் அவள். "ஆமாம்மா, அதான் எங்க ஊர்ல யாருக்கும் ரோஷமே கெடையாது" என்றாய். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. உன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கட்டியவன் கையை முன்னால் நீட்டித் துழாவுவான், பாதத்தை இழுத்து இழுத்து வைப்பான். நீ என் முழங்கைக்குமேல் இரண்டு விரலை மட்டும் வைத்து, ஒரு அடி பின்னால், தடுமாறாமல் வந்தாய். படிக்கட்டு வந்தபோது என் கை உயர்ந்ததை வைத்தே உன் கால் உயர்ந்தது. அது பழகிய நடை. பத்துப் பதினைந்து நாளாக நீ கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே போனது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் படித்துக் காட்டிய கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட நீ நம்பவில்லை.

அந்த நிமிஷம் நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். அலை வந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது. "உப்பு வாசனை அடிக்குது" என்றாய். "ஆமாம் நைனா" என்றேன்.

கோயில் முடிந்து, சாப்பிட்டு, மாட்டுவண்டி பிடித்துப் போனோம். கடல் பின்னால் மறைந்த பிறகுதான் கண்ணைக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாய். வண்டிக்காரருக்கு நம்மைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. "தேரிக்குள்ள என்ன சோலி? அங்கன உடைமுள்ளும் ஓணானும்தான் கெடக்கு. நல்லது பொல்லாதது பாக்க ஊருல எடமா இல்ல?" என்றார். "மணல் பாக்கணும் அண்ணாச்சி" என்று நீ உடனே அந்த ஊர் முறையைப் பிடித்துக்கொண்டாய். அவர் தேரியின் மேற்கு ஓரத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய அதே இடத்தில் வந்து நிற்பதாகச் சொன்னார். போகும்போது திரும்பி, "கடல் கெழக்க. பனைமரத்துல ஓலைய முடிஞ்சு வச்சிருப்பாவ. முடிச்சு உள்ள மரமா பாத்துப் போனாத் தடம் தப்பாது" என்றார்.

நாம் அதைக் கேட்டுக்கொண்டோம், நைனா. கேட்டும் செய்யவில்லை. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு வழி தேடத் தெரியாது. தேவைப்பட்டதே இல்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் போனாலும் சரி, பள்ளிப்பட்டு சாலையில் வந்தாலும் சரி, தலையை நிமிர்த்தி மலையைப் பார்ப்போம். மலைக்கு நேராக நடந்தால் வீடு வந்துவிடும். அங்கேயும் நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாய். எல்லாவற்றிலும் உயரமாக, நெற்றிபோல் வழவழவென்று ஒரு மேடு தெரிந்தது. "அதோ நம்ம மலை. அதுக்கு நேரா போவோம். அதும்மேல ஏறினா கடல்" என்றாய். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஓலை முடிச்சை யார் தேடுவார்கள்?

முதல் ஒரு மணி நேரத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். மணல் அத்தனை சிவப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செங்கல்லை மாவாக்கிச் சலித்ததுபோல் இருந்தது. மேலே சூடு, ஒரு விரல் கீழே குளிர்ச்சி. மயில் நடந்த தடம் கோலமாகப் போயிருந்தது. நீ துண்டை விரித்து அதில் உட்கார்ந்து மேட்டின் உச்சியிலிருந்து சறுக்கினாய். பாதியில் துண்டு ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாக உருண்டு அடிவாரத்தில் போய் விழுந்தாய். பயந்து ஓடிவந்தேன். வாயெல்லாம் மணலாக மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாய். "நீயும் வா, யாரு பாக்கப் போறா!" என்றாய். நானும் சறுக்கினேன். இருபத்திரண்டு வயசு, பள்ளிக்கூடத்து டீச்சர். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அப்புறம் எழுந்து பார்த்தபோது நம் மலையைக் காணோம்.

பள்ளத்தில் இறங்கினால் மேடு மறைந்துவிடுகிறது. ஏறிப் பார்த்தால் நான்கு மேடுகள், நான்கும் நெற்றிபோல் வழவழவென்று. "அதான்" என்று நீ ஒன்றைக் காட்டினாய். அங்கே போய் ஏறினோம். அதற்கப்பால் அதைவிட உயரமாக இன்னொன்று. வானம் முழுக்க மேகம் மூடியிருந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனிக் காற்று விடாமல் அடித்து, நாம் வந்த காலடிகளை நம் கண்ணெதிரே தூர்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் சுற்றினோமோ. தண்ணீர்ச் செம்பு காலியாயிற்று. வெளிச்சம் பழுத்து வந்தது. உன் கால் புதரில் இடிக்க ஆரம்பித்தது. ஒருதரம் உடைமுள் மேலேயே நேராக நடந்தாய். நான் இழுத்துப் பிடித்தேன். அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, உன் இரண்டு விரல் என் முழங்கைக்கு வந்தது.

எனக்கு அப்போது ஒரே நினைப்புதான். பொழுது முழுசாக விழுவதற்குள் உன்னை அந்த உச்சியில் நிறுத்த வேண்டும். பூகோளம் படித்தவள், சரித்திரம் படித்தவள், எனக்குக் கிழக்கு எது என்று தெரியவில்லை.

ஆட்டுக்கு உடைமரத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பனையேறி வீட்டு அம்மாள்தான் நம்மைப் பார்த்தாள். தலையில் மூட்டையோடு சரிவில் நின்று, "யாரு அது, எங்கன போறிய?" என்று கூவினாள். சொன்னேன். "மேட்டப் பாத்தா நடந்திய? நல்ல ஆளுங்கதான்! போன ஆடியில இந்த மேடு அங்ஙன கெடந்துச்சு. காத்துக்கு மேடு ஓடிட்டுல்லா இருக்கும்" என்றாள். எனக்குச் சொல்வதைவிட உனக்குத்தான் சொன்னாள். "ஐயா, இந்த மாசத்துல கண்ணே வேண்டாம். காத்த முதுகுல வாங்கிட்டு நடங்க, கடல் தானா வரும். மூஞ்சில வாங்கினா வீட்டுக்குப் போறீயன்னு அர்த்தம்."

"காத்து முதுகுல அடிச்சா கடல்" என்று நீ திருப்பிச் சொன்னாய். அவள் முன்னால் நடந்தாள். நாம் மூன்று மேடுகூடத் தாண்டவில்லை. அத்தனை பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். கடைசி மேட்டின் அடியில் மூட்டையை இறக்கி வைத்து உட்கார்ந்து, "சீக்கிரம் பாத்துட்டு வாங்க, இருட்டிட்டு வருது" என்றாள்.

ஏறினோம். நான் கண்ணை நிமிர்த்தும்போது கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் பார்த்தேன். அதற்குள் நீ, "கைய உடும்மா. நான் பாக்கணும்" என்றாய்.

விட்டேன்.

நீ தலைத்துண்டை அவிழ்த்து உதறினாய். உதறிக்கொண்டே ஒரு பக்கமாகத் திரும்பினாய். மறுபடியும் ஒருதரம் உதறினாய். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை ஊன்றி, நேராக நின்று, இரண்டு கையையும் கூப்பினாய்.

நீ மணலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய், நைனா. கடல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"யம்மாடி" என்றாய். "எவ்ளோ பெருசு!"

என் கை உன் தோளுக்கு வந்தது. தொடவில்லை. தொட்டுத் திருப்பினால் உனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். திருப்பியும் என்ன பயன் என்று ஒரு நினைப்பு. திருப்பினால் ஒரு கோடாவது தெரியுமோ என்று இன்னொரு நினைப்பு. காற்றின் இரைச்சலில் அலை எந்தப் பக்கம் என்று காதுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் கீழிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா கீது, இல்ல?" என்றாய்.

நான் உன் பக்கத்தில் வந்து, நீ நின்றதுபோலவே, உன் முகம் இருந்த திசையில் திரும்பி நின்றேன்.

"ஆமாம் நைனா. அழகா கீது."

இருட்டும்வரை அப்படியே நின்றோம். பிறகு அந்த அம்மாள் வண்டி நின்ற இடம் வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலை வண்டியில் திரும்ப வேண்டும், பாஸ் அன்றோடு முடிகிறது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒருதரம் கடலோரமாகப் போய்வரலாமா என்று கேட்டேன். "அதான் பாத்தாச்சே" என்றாய்.

ஊருக்கு வந்ததும் உனக்குப் பிளாட்பாரத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள். குடத்தோடும் குவளையோடும் பெட்டி பெட்டியாக நடப்பாய். ஜன்னலில் நீளும் கைகளுக்கெல்லாம் கடலைப் பற்றிச் சொன்னாய். "இந்தப் பக்கம் செவப்பு மணலு, கண்ணுக்கு எட்டற வரைக்கும். அந்தப் பக்கம் நீலத் தண்ணி. நடுவுல ஒண்ணுமே கெடையாது." எல்லாம் நான் படித்துக் காட்டிய வாக்கியங்கள். அம்மா மட்டும், "பாத்துட்டு வந்தாரே பெரிய கடலு, நாலு சங்காவது பொறுக்கியாந்தாரா?" என்பாள். யாராவது நம்பாமல் சிரித்தால், "என் பொண்ணக் கேளு, பக்கத்துலதான் நின்னா" என்பாய். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்பேன். எத்தனை தடவை சொன்னேன்! அந்த மழைக்காலம் வருவதற்குள் குவளை எது, நீளும் கை எது என்றே உனக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டில் உட்கார்ந்தாய். சொட்டு மருந்துச் சீசா காலியானபோது அம்மா இன்னொன்று வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை.

அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்திருந்தாய். அம்மா கஞ்சி வைக்க உள்ளே போயிருந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. திடீரென்று கேட்டாய்.

"அன்னிக்கி மேட்டு மேல, நீ எந்தப் பக்கம் பாத்துகினு இருந்த?"

பொய் சொல்ல வரவில்லை. "நீ பாத்த பக்கம்தான் நைனா."

"காத்து மூஞ்சில அடிச்சிது" என்றாய். அப்புறம் சிரித்தாய் என்று நினைக்கிறேன், இருமலாகவும் இருக்கலாம். "பைத்தியம். நீயாவது பாத்திருக்கலாமே."

தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன். அம்மா கஞ்சியோடு வந்தாள். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டாய்.

தெரிந்தே அப்படி நின்றாயா, நின்ற பிறகு காற்றை வைத்துத் தெரிந்துகொண்டாயா என்று கேட்க எனக்கு மூன்று நாள் இருந்தது. கேட்கவில்லை. நான் கடலைப் பார்க்கட்டும் என்று நீ முதுகைத் திருப்பிக்கொண்டாயோ என்றுகூடச் சில நாள் தோன்றும். அப்படியானால் நான் செய்ததை என்னவென்று சொல்வது? பள்ளிக்கூட லீவில் போய்வரலாமே என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இடம் தெரியும், வழியும் தெரியும். போகவில்லை.

உனக்கு நான் உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டாதது அந்தக் கடிதம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. நீ கை கூப்பி நின்றாயே, உன் முகத்துக்கு எதிரே என்ன இருந்தது என்று நான் உனக்குச் சொல்லவில்லை. அது எனக்கு அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்தும் கிழியாமல். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மணல் அந்த நேரத்தில் சிவப்பாக இல்லை நைனா. நாவல்பழ நிறமாக மாறிக்கொண்டிருந்தது. மேடு மேடாக மேற்கே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கறுப்பாகப் பனைமரங்கள், எண்ணினால் முப்பது இருக்கும். அதில் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. எங்கோ பதநீர் காய்ச்சும் புகை ஒன்று எழுந்து காற்றில் வளைந்து நம்மை நோக்கி வந்தது. கீழே அந்த அம்மாள் கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்து முடியிலிருந்த மணலை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நம் காலடிவரை, நாம் ஏறிவந்த தடம் இருந்தது. உன் தடத்துக்கு அரை அடி முன்னால் என் தடம். காற்று அதைத் தூர்த்துக்கொண்டிருந்தது, ஆனால் நாம் இறங்கும்வரை முழுசாகத் தூர்க்கவில்லை.

அவ்வளவுதான் இருந்தது. அழகாகத்தான் இருந்தது.